சரள் அள்ளிய குழி: விளையா, குட்டையா, மரமா, மேடா?

திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, மானூர் வட்டங்களில் புஞ்சை வைத்திருப்பவர்களைச் சரள், அதாவது பொடிக்கல் கலந்த மண், கேட்டு ஆள் தேடி வருவது வழக்கம். சாலை வேலை, மனை நிரவல், காற்றாலைக்குப் பாதை என்று தேவை ஓய்வதே இல்லை. அள்ளி முடித்த குழியை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசி டிப்பர் போன பிறகுதான் எழுகிறது. அப்போது வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எவ்வளவு ஆழம் தோண்டுவது, கரைக்கு எவ்வளவு சரிவு விடுவது, மேல்மண்ணை எங்கே ஒதுக்குவது, வண்டி இறங்கும் பாதை எந்த மூலையில் வருவது எல்லாமே குழி பிற்பாடு எதற்கு என்பதைப் பொறுத்தவை. தண்ணீருக்கு என்று ஆழமாகத் தோண்டிய இடத்தில் உளுந்து விளையாது. செங்குத்தாக வெட்டி விட்ட சுவரில் மரம் நிற்காது. ஆகவே இந்த முடிவு முதல் பக்கெட் மண் எடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டியது.

பட்டா நிலமானாலும் ஆட்சியரின் அனுமதி இல்லாமல் சரளை விற்பனைக்கு எடுக்க முடியாது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள்தான் இதற்கு அடிப்படை. 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்கான சுரங்கத் திட்டத்தில் அள்ளி முடித்த குழியை எந்த நிலையில் விடுவது என்ற மூடல் பகுதி கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கங்களை யாரோ எழுதி, நில உரிமையாளர் படிக்காமலே கையெழுத்திடுவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. கீழே உள்ள ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசியுங்கள்.

முதலில் ஒரு ஏக்கர் கணக்கு

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்துக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 63.6 மீட்டர். அண்டை பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் பட்டை தோண்டாமல் விட வேண்டும். நான்கு பக்கமும் அப்படி விட்டால் தோண்டக் கிடைப்பது 58 சென்ட் மட்டும். அதை 2 மீட்டர் ஆழம் செங்குத்தாக வெட்டினால் 4,720 கன மீட்டர் வரும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அந்தக் கணக்கில் 1,670 யூனிட். ஓரங்களை 1:2 சரிவாக, அதாவது ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் நீளம் என்று விட்டால் 1,410 யூனிட்தான் கிடைக்கும். இடையில் உள்ள 260 யூனிட்டுக்காகத்தான் சரள் அள்ளும் குத்தகைக்காரர் செங்குத்தாக வெட்டப் பார்ப்பார். அந்த 260 யூனிட்டை விட்டுக்கொடுக்காதவருக்குக் கீழே வரும் நான்கு வழிகளில் முதல் மூன்றும் சரியாக அமையாது. இந்தக் கணக்கில் மேல்மண்ணும் அடக்கம்; அது விற்பதற்கு உரியதல்ல என்பதால் கையில் வரும் யூனிட் இன்னும் குறையும்.

செங்குத்துச் சுவரின் அடி மழையில் ஊறும்போது மேலே உள்ள சரள் பாளம் பாளமாக விழும். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அது பல மடங்கு ஆழமான குவாரி. ஆனால் இரண்டு மீட்டர்ச் சுவரும் குனிந்து வேலை செய்யும் ஆளை மூடப் போதும். தண்ணீர் நின்றால் குழந்தையோ ஆடோ ஏறி வர வழி இருக்காது.

எதை வைத்து எடைபோடுவது

*நீர்மட்டம், இரண்டு முறை.* வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, புரட்டாசியில் எங்கே கிடக்கிறது என்று இரண்டையும் அளக்க வேண்டும். ஒரே அளவை வைத்து முடிவெடுத்தால் நிச்சயம் தவறும். புரட்டாசியில் காய்ந்து கிடக்கும் குழி கார்த்திகையில் ஊற்றெடுக்கும்.

*அடியில் என்ன இருக்கிறது.* சரளுக்குக் கீழே களி வரலாம், சுக்கான் (சுண்ணாம்புக் கல்) வரலாம், கனிந்த பாறை வரலாம். நிலத்தில் நாலு மூலையிலும் நடுவிலும் உத்தேசித்த ஆழத்துக்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாகச் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். ஜேசிபிக்கு அரை நாள் வேலை.

*மேல்மண்.* சரள் பூமியில் உயிருள்ள மேல்மண் சில இடங்களில் அரை அடிகூட இருக்காது. 30 சென்டிமீட்டர் இருந்தால் 58 சென்டில் 700 கன மீட்டர் கிடைக்கும். குழியின் அடி, சரிவு இரண்டிலும் மறுபடி பரப்பினால் ஏறக்குறைய அதே 29 சென்டிமீட்டர் கனத்துக்கு வரும். ஒரு டிப்பரைக்கூட விற்காமல் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

*மழைத்தண்ணீர் வரத்தும் போக்கும்.* மேலே எத்தனை ஏக்கர் தண்ணீர் இந்தக் குழிக்கு வடியும், நிறைந்தால் எந்த வழியாக வெளியேறும்?

*முதல் மூன்று ஆண்டு கவனிப்பு.* ஊரில் இருந்து பார்க்க ஆள் உண்டா, சென்னையிலோ கோவையிலோ இருந்து ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்ப்பீர்களா? இதை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. உண்மையில் வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

வழி 1: மறுபடி விளைநிலம்

குழியை மூடாமல், இரண்டு மீட்டர் தாழ்ந்த மட்டத்திலேயே சாகுபடி செய்வது. தையில் ஏறும் நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது இந்த வழியை விட்டுவிடுங்கள்.

அடி மட்டம் ஒரு மூலையை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் இறங்க வேண்டும். அந்த மூலையில் வடியும் தண்ணீர் தேங்க ஒரு சிறு கிடங்கு வெட்டிக்கொள்ளலாம். டிராக்டர் இறங்கும் பாதைக்கு 1:10 சரிவு தேவை. இரண்டு மீட்டர் இறங்க 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இந்த இடத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். ஹிட்டாச்சியும் டிப்பரும் ஓடி ஓடி அடித்தரை தார்ச்சாலை போல இறுகியிருக்கும். அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பிவிட்டால் மழை பெய்ததும் மேல்மண் சேறாகி, வேர் அழுகி, வெயிலில் பயிர் சுருண்டுவிடும். மண் பரப்புவதற்கு முன் உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அடி ஆழம் கீற வேண்டும். அடித்தரை காய்ந்திருக்கும்போது கீறினால்தான் வெடித்துப் பிளக்கும். ஈரத்தில் கீறினால் கலப்பை போன தடம் மட்டும் மிஞ்சும்.

மேல்மண் பரப்பியதும் முதல் ஐப்பசி மழையில் கொழிஞ்சி விதைப்பது நல்லது. சரள் மண்ணுக்குப் பழகிய செடி அது, ஆடும் அதிகம் கடிக்காது. பூப்பிடிக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, கோடையில் ஆட்டுக்கிடை போடுங்கள். கிடையை இரவுக்கிரவு இடம் மாற்றி முழு அடிப்பரப்பும் மிதிபடச் செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டு காணம் (கொள்ளு) அல்லது தட்டப்பயறு, மூன்றாம் ஆண்டு உளுந்து, எள். முருங்கை நல்ல விலை போகும் பகுதி என்பதால் பலரும் குழியடியில் அதை நட நினைப்பார்கள். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே முருங்கை வேர் அழுகிவிடும். அதை மேலே தோண்டாமல் விட்ட பட்டையில் நடுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு காலம். மூன்று ஆண்டுகளுக்கு இந்த நிலம் முழுதாகச் சோறு போடாது. அந்த இழப்பைச் சரள் விலையில் இப்போதே ஏற்றிப் பேச வேண்டும். ஒரு நன்மையும் உண்டு: ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் மேட்டுப் பயிர் வாடும்போது, தாழ்ந்த குழிக்குள் காற்று அவ்வளவு தாக்காது.

குளத்து வண்டலைக் கொண்டுவந்து வளமாக்கலாம் என்பது சரியான யோசனை, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். விவசாயத்துக்கு இலவசமாக அள்ள விதி தரும் உச்சவரம்பு புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. தொண்ணூறு கன மீட்டர் என்பது பத்துப் பதினொரு டிப்பர். ஏக்கர் முழுதும் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வரும். வளம் சேர்க்க அது போதும். குழியை நிரப்ப அல்ல.

வழி 2: குட்டை

எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். "குழி இருக்கு, மழை பெய்தால் நிறையும், மீன் விடலாம்." மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

முதலில், நிறையுமா? நம் மாதிரிக் குழி 1:2 சரிவோடு ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர் கொள்ளும். பருவமழை 400 மில்லிமீட்டர் பெய்து, சரள் பூமியில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தாலும், குழியில் நேராக விழும் மழை போக மீதிக்கு ஒன்பது பத்து ஏக்கர் வரத்து நிலம் வேண்டும். மேட்டின் உச்சியில் உள்ள குழி நிறையாது. ஓடையைத் திருப்பி நிரப்பலாம் என்று இறங்காதீர்கள்; அது கீழே உள்ள குளத்துப் பாசனக்காரர்களின் தண்ணீர்.

அடுத்து, நிற்குமா? அடித்தரையில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் நிறைத்து, 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் குட்டை நிற்கும். ஒரு சாண் இறங்கினால் களியோ தார்ப்பாயோ இல்லாமல் நிற்காது. திசையன்விளைப் பக்கம் இதை இரண்டு இடத்திலாவது செய்ய வேண்டும். ஆயன்குளம் கிணறு வெள்ளத்தை விழுங்கிக்கொண்டே இருந்தும் நிறையாததைப் பலரும் அறிவார்கள். சென்னை ஐஐடி குழு ஆராய்ந்ததில் அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறையில் வெடிப்புகளும் குகைவழிகளும் இருப்பது தெரியவந்தது. அப்படிப்பட்ட பூமியில் குட்டை என்ற எண்ணத்தை விட்டு, நிலத்தடிக்கு நீர் இறக்கும் குழியாக வைத்துக்கொள்வது நல்லது. சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் வாழ்த்தும். ஆனால் அந்தக் குழிக்குள் போகும் அழுக்கும் வடிகட்டாமல் அதே கிணறுகளுக்குப் போகும். மாட்டுக்கொட்டில் கழிவோ பூச்சிமருந்து கலந்த தண்ணீரோ அதில் சேரவே கூடாது.

களி போடுவதானால் அடி, சரிவு இரண்டுக்கும் சேர்த்து 30 சென்டிமீட்டர் கனம் வேண்டும். 15 சென்டிமீட்டராக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் ஈரப்பதத்தோடு ரோலர் ஓட்டி அழுத்த வேண்டும். அழுத்திய அளவிலேயே 260 யூனிட் களி தேவை. கோடையில் முழுக்க வற்றவிட்டால் களி வெடித்து மறுபடி கசியும். அடியில் ஓரடித் தண்ணீராவது நிற்க வேண்டும். 500 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு எளிது என்று தோன்றும். சரளின் கூர்முனை குத்திக் கிழிக்காமல் இருக்க அடியில் மெல்லிய மண் மெத்தை போட வேண்டும். ஓரத்தில் வாய்க்கால் வெட்டி விரிப்பின் நுனியைப் புதைக்க வேண்டும். விரிப்பு நனைந்தால் வழுக்கும், விழுந்தவர் ஏற முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்கவிடுவது கட்டாயம்.

கடைசியாக, மீன். கசிவே இல்லாவிட்டாலும் வெயிலும் காற்றும் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிடும். கார்த்திகையில் நிறைந்த இரண்டு மீட்டர்க் குட்டையில் ஆடிக்கு மேல் மீன் நிற்கத் தண்ணீர் இருக்காது. ஆக ஏழு மாதம்தான் கையில் உள்ளது. விரல்நீளக் குஞ்சுக்கு அது போதாது. நாலு அங்குலத்துக்கு மேல் வளர்ந்த கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை ஏக்கர் நீர்ப்பரப்புக்கு 2,000 என்ற அளவில் விடுவது பொருத்தம். புதுக் குழியில் மீனுக்கு இயற்கை உணவு இருக்காது. குஞ்சு விட இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்பும் பிறகு சாணமும் போட்டுத் தண்ணீரைப் பச்சை பிடிக்க விடுங்கள். சரிவில் புல் பிடிக்காத முதல் மழையில் செம்மண் கரைந்து தண்ணீர் செவேலென்று இருக்கும். அந்த ஆண்டு மீனை மறந்துவிட்டுக் கரையைப் புல் மூட விடுவதே சரி. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஆழம் கூடினால் உப்புநீர் ஏறும். அங்கே குட்டை ஆழமாகவே கூடாது.

வரத்து நுழையும் இடத்தில் வண்டல் தங்கும் தொட்டியும் கல் பதித்த இறக்கமும், எதிர்ப்பக்கம் நிறைந்த தண்ணீர் வழியக் கல் பதித்த மறுகாலும் இல்லாத குட்டை முதல் பெருமழையிலேயே கரையை அறுத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்கு எந்தச் சிறு மறுகாலும் தாங்கியிருக்காது என்பது உண்மை. ஆனாலும் வெள்ளம் எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு போகும் என்பதை மறுகால் வைப்பவர் தீர்மானிக்கிறார். பக்கத்து வயல் பக்கம் அது இருக்கக் கூடாது.

வழி 3: மரம்

கவனிக்க ஆள் குறைவு, மேல்மண்ணும் குறைவு என்றால் இதுவே ஏற்றது. அடித்தரையை வழி 1-இல் சொன்னபடி கீறிவிட்டு, 3 மீட்டர் இடைவெளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் நட வேண்டும். நிலம் முழுதும் பரப்பாமல் நடும் குழிகளை மட்டும் நிரப்புவதால் கொஞ்சம் மேல்மண் போதும். சரள் குழியின் அடியில் மட்டும் நட்டால் 180 கன்று வரும். நாட்டு உடை, வேம்பு, வாகை, புங்கம் ஆகியவை தாங்கும். தண்ணீர் தேங்கும் மூலையில் நாவலும் நீர்மருதும் நடலாம்.

தோண்டாமல் விட்ட 7.5 மீட்டர்ப் பட்டைக்குப் பனையைவிடப் பொருத்தமான மரம் இந்தப் பூமியில் இல்லை. பத்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை போட்டால் 150 பனங்கொட்டை போகும். வடலியாக (இளம்பனையாக) நிற்கும்போதே வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் நான்கில் எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்யுங்கள்.

மறைந்த செலவு தண்ணீர். கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றால் 180 கன்றுக்கு 1,800 லிட்டர். தை முதல் புரட்டாசி வரை, இரண்டு கோடை. டேங்கரை யார் ஓட்டுவது, எந்தக் கிணற்றில் நிறைப்பது என்று முன்பே பேசி வைக்காதவர்கள் கன்றுகளைச் சித்திரையிலேயே இழப்பார்கள். இன்னொரு பகை சீமைக்கருவேல். சும்மா கிடக்கும் குழியை அது இரண்டே ஆண்டில் மூடிவிடும். கார்த்திகைக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை நாற்றாக இருக்கும்போதே பிடுங்கினால் போதும், விட்டுவிட்டால் ஜேசிபிதான் வர வேண்டும்.

வழி 4: மண் கொட்டி மேடாக்குவது

சாலையோர நிலத்தை மனையாக்க நினைப்பவர்கள் கேட்பது. 1,410 யூனிட் குழியை மூட, அமுங்குவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 1,690 யூனிட் வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 560 நடைக்கு மேல். சரளை விற்றுக் கிடைத்த பணத்தைவிட மூடும் செலவு கூடிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் "இலவசமாகக் கொட்டுகிறோம்" என்று வருபவர்களுக்குக் கதவு திறந்துவிடப்படுகிறது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அங்கிருந்து வந்து அள்ளிப் போனார்கள். எல்லா இடத்திலும் அப்படி அள்ளிப் போக ஆள் வராது. கட்டட இடிபாடும் நல்ல மண்ணும் தவிர வேறு எதுவும் உள்ளே வரக் கூடாது. பாதையின் வாயில் பூட்டும் சங்கிலியும் இருக்கட்டும்.

30 சென்டிமீட்டர் அடுக்காகக் கொட்டி ரோலர் ஓட்டாத மேடு இரண்டு மழைக்காலம் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் வீடு கட்டுவதானால் அஸ்திவாரம் பழைய அடித்தரை வரை இறங்க வேண்டும்.

ஒரு பார்வையில்

| | விளைநிலம் | குட்டை | மரம் | மேடு |
|---|---|---|---|---|
| நீர்மட்டம் | அடிக்குக் கீழே 1.5 மீ. | ஏறினால் நல்லது | அதிகம் தேங்கக் கூடாது | அடிக்குக் கீழே |
| மேல்மண் தேவை | முழுவதும் | சரிவுக்கு மட்டும் | நடும் குழிக்கு மட்டும் | மேலடுக்குக்கு |
| சரிவு | 1:2 | 1:2, ஏறும் வழி | 1:2 | பொருட்டல்ல |
| வருமானம் தொடங்குவது | 3-ஆம் ஆண்டு | 2-ஆம் ஆண்டு, மழை பெய்தால் | நெடுங்காலம் | விற்கும்போது |
| மறைந்த செலவு | மூன்றாண்டு இழப்பு | கசிவு, மறுகால் | இரு கோடைத் தண்ணீர் | 560 நடை மண் |
| கெடுவது எதனால் | இறுகிய அடித்தரை | வரத்து இல்லாமை | கவனிப்பின்மை | கழிவு, அமுக்கம் |

பட்டை பட்டையாகத் தோண்டுங்கள்

58 சென்டையும் ஒரே நேரத்தில் திறந்து போடாமல் 16 மீட்டர் அகலத்தில் மூன்று பட்டையாகப் பிரியுங்கள். முதல் பட்டையின் மேல்மண் மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியது. அள்ளினால் உப்பி 280 கன மீட்டர் வரும். அடி 5 மீட்டர், உச்சி 1 மீட்டர், உயரம் 1.5 மீட்டர் என்ற அளவில் ஒரு பக்க எல்லைப் பட்டை முழுவதும் நீளக் குவித்தால் அடங்கிவிடும். அதற்குமேல் உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் செத்துப் போகும். குவியலின்மேலும் கொழிஞ்சி தூவிவிட்டால் காற்றில் பறக்காது. முதல் பட்டை முடிந்து அடித்தரையைக் கீறியதும், இரண்டாம் பட்டையின் மேல்மண்ணை நேராக அதன்மேல் பரப்பலாம். மூன்றாவதுடையது இரண்டாவதன்மேல், ஒதுக்கி வைத்தது மூன்றாவதன்மேல். ஒரே மண்ணை இரண்டு முறை அள்ளும் செலவு மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்.

எந்த நிலத்துக்கு எது

வரத்து உள்ள தாழ்ந்த நிலம், களி அடித்தரை, பக்கத்தில் வீடு என்றால் குட்டை. மேட்டு நிலம், ஓரடி மேல்மண், ஊரிலேயே இருக்கும் குடும்பம் என்றால் விளைநிலம். வெளியூர்க்காரர்களின் நிலம், மெல்லிய மேல்மண், சுக்கான் அடி என்றால் மரம். மண் இலவசமாக, அருகிலேயே, சுத்தமாகக் கிடைக்கும் அரிய சமயத்தில் மட்டும் மேடு. ஒரே குழியில் இரண்டைச் சேர்க்கவும் செய்யலாம்: வாட்டமான மூலையில் பத்து சென்ட் குட்டை, மீதியில் பயறு. நம் பக்கத்துப் புஞ்சைகளில் பலவற்றுக்கு இதுவே நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் சிறு குட்டை நிறைய இரண்டு மூன்று ஏக்கர் வரத்தே போதும்.

எதைத் தேர்ந்தாலும் சுரங்கத் திட்டத்தில் உள்ள மூடல் பகுதியும் குத்தகைக்காரரோடு போடும் ஒப்பந்தமும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ஆழத்தை மீட்டரில் எழுதுங்கள். எல்லைக்கல் ஒன்றில் மட்டக்குறி வைத்து அதிலிருந்து அளப்பது என்றும் எழுதுங்கள். மேல்மண் வெளியே போகாது என்று தனி வரி இருக்கட்டும். ஒவ்வொரு டிப்பர் நடைக்கும் உரிய நடைச்சீட்டின் எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து வையுங்கள். அனுமதித்ததற்கு மேல் அள்ளினால் அபராத நோட்டீஸ் பட்டாதாரர் பெயருக்கும் வரலாம். சரிவு எடுப்பது, அடித்தரை கீறுவது, மண் பரப்புவது மூன்றையும் குத்தகைக்காரரின் இயந்திரமே ஒவ்வொரு பட்டைக்கும் முடித்துத் தர வேண்டும், முடித்த பிறகே அடுத்த பட்டை திறக்கப்படும். இயந்திரம் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் அதைத் திரும்ப அழைக்கும் வாடகை உங்கள் தலையில்.